வாசலில் சொல்ல வேண்டிய தப்பு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் அப்போது வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கடை திறப்புவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கையால் டைப் ஆகித்தான் அச்சாபீசுக்குப் போகும். திண்டுக்கல்லில் யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையில் மண் விழுந்தது. என் சொந்த அம்மா இறந்துபோன செய்தி ஊர் ஊராகப் பரவி முடிந்து, கடைசியாகத்தான் என்னிடம் வந்தது. அன்று காலையில்கூட அம்மா என் சட்னியில் உப்பு இல்லை என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு அனுப்பியிருந்தார்.

அம்மா டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகும் அதே வீட்டில்தான் இருந்தார், நானும் அவரோடு. கோபக்காரர். ஆனால் அடுத்தவர் தப்பைச் சொல்வதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வகுப்பில் எல்லார் முன்னாலும் யாருடைய தப்பையும் சொல்லமாட்டார். மணி அடித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளை வாசலைத் தாண்டுகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். "ஏலே, அந்த மூணாவது கணக்க மட்டும் செத்த பாரு." அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேருவதற்குள் தப்பைத் தானே கண்டுபிடித்திருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். விருந்தாளி வந்தால் காப்பி, பலகாரம், ஊர்ப்பேச்சு எல்லாம் குறையில்லாமல் நடக்கும். அவர்கள் எழுந்து, வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டி இன்னொரு காலால் அடுத்ததைத் தேடும்போதுதான் அம்மா விஷயத்துக்கு வருவார். பையனுக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டைப் பற்றி, வாங்கப்போகிற மனையின் பட்டாவைப் பற்றி, போன வாரம் மாதா கோயிலில் அவர்கள் பேசிய ஒரு பேச்சைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். ஒற்றைச் செருப்போடு நின்று யாரும் சண்டை போட முடியாது. போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவார்கள். எனக்கு இது பிடிக்காது. பட்டென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன என்று பல தடவை அம்மாவிடம் சண்டை பிடித்திருக்கிறேன்.

முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் நான். கடையில் மட்டும் அது செல்லாது. எழுதிக்கொண்டு வருகிறவரிடம் 'நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்' என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் எங்கள் தொழிலில் எந்தத் தப்பும் எங்கள் தப்புதான். "டைப் பண்ணும்போது நான் ஒரு வரிய விட்டுட்டேன்போல, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று தாளை அவர் பக்கம் திருப்பி வைப்போம். அவரே பார்த்து, அவரே திருத்தி, எங்களையும் மன்னித்துவிட்டுப் போவார். சம்பளத்துக்காக வருகிற இந்தப் பொறுமை சொந்த விஷயத்தில் எனக்கு வரவில்லை. இனி சொல்லப்போவது அதைத்தான்.

கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் நூல் கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவோம். எல்லாம் அம்மாவின் பிள்ளைகள் அனுப்புவது. சென்னை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து வரும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லாரும் அனுப்புவார்கள். அனுப்பாதவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால் நேரில் வருவார்கள். அன்று சாயங்காலம் அம்மா நல்ல சேலை கட்டி, மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டு, அதிரசத் தட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பென்ஷன் வாங்குகிற நாளைவிட அந்த நாள்தான் அவருக்குச் சம்பள நாள்.

அந்த வருஷம் நூல் காலியாகத் தொங்கியது. ஒன்றிரண்டு அட்டைகள் வந்தன, அவையும் சொந்தக்காரர்கள் அனுப்பியது. எல்லாரும் செல்போனுக்கு மாறிவிட்டார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். ஆனால் போனும் வரவில்லை. சாயங்காலம் தெருக்காரர்கள் தவிர யாரும் படியேறவில்லை. அம்மா இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். "அம்புட்டு பேருக்கும் பிள்ளகுட்டின்னு ஆயிருச்சு. நம்மள யாரு நெனைக்கப்போறா" என்றார். புத்தாண்டுக்கு முன்பே நூலை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. மறந்துபோய்விட்டார்கள் என்ற நினைப்பு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சித்தையன்கோட்டையில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். அம்மாவிடம் படித்தவர். மகளின் நிக்காஹ் அழைப்பிதழ் அடிக்க வந்தவர், எழுதிக்கொண்டு வந்த தாளை எடுக்காமல் தலையைக் குனிந்து நின்றார்.

"அக்கா, டீச்சர் தவறுன சேதி எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிஞ்சது. வீட்ல எல்லாரும் துவா கேட்டோம்."

எந்த டீச்சர் என்று கேட்டேன். வேறு யாரோ என்றுதான் நினைத்தேன், போஸ்டர் என்னிடம் வரவில்லையே என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்ம டீச்சர்தான்க்கா. ஒங்க அம்மா."

அம்மா வீட்டில் இருக்கிறார், இந்நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார் என்று சொன்னேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாராம். அதில் அம்மா படத்தை மாலையோடு போட்டிருக்கிறாராம். அதைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து அழுதிருக்கிறார்கள். நவம்பரிலிருந்தே இது நடக்கிறது. அப்படியானால் ஏன் யாரும் வீட்டுக்குத் துக்கம் கேட்க வரவில்லை என்றேன். "அடக்கத்துக்கே வராத ஆளுக, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிறது" என்றார். அம்மாவைத் தினமும் தெருவிலும் கோயிலிலும் பார்க்கிற திண்டுக்கல்காரர்களுக்கு இந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. பக்கத்தைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என் அம்மா செத்துப்போயிருந்தார்.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புகளும், கறுத்துப்போன கீபோர்டுகளும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஓடினேன். மண்டிக்காரர் சொன்ன முகவரியை அடித்ததும் பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. பள்ளி மணியின் படம், பழைய ஆசிரியர்கள் வரிசை, ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துகள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கருப்புப் பெட்டி. 'நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்' என்ற தலைப்பின் கீழ் அம்மா. படத்தில் சந்தன மாலை. பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் மெழுகுவர்த்தி. படத்தின் கீழே அந்த மஸ்கட்காரர் எழுதியிருந்தார்: 'எங்கள் தப்பையெல்லாம் வாசலில் வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னவர். இருக்கும்போது ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்.'

அதற்குக் கீழே, பார்க்க வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகும் வருகைப் பதிவேடு, முழுக்க முழுக்க இரங்கல். நான் ஒன்றையும் படிக்கவில்லை. என் கண் அந்த மாலையிலேயே நின்றது. எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் போஸ்டருக்கென்றே ஒரு மாலைப் படம் உண்டு, எந்த முகம் வந்தாலும் அதில் மாட்டிவிடுவோம். இந்த ஆளும் அப்படித்தான் எங்கேயோ இருந்து ஒரு மாலையை எடுத்து என் அம்மா கழுத்தில் மாட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். எல்லார் கண்ணிலும் படும்படி அந்தப் பதிவேட்டிலேயே எழுதினேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை. என் அம்மா உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருப்பவருக்கு மாலை மாட்ட உனக்கு என்ன தைரியம், வெட்கமிருந்தால் இப்போதே எடு. இதுதான் சாராம்சம். மீதி இங்கே எழுதத் தக்கதல்ல.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அம்மா அங்கேயேதான் இருந்தார், மெழுகுவர்த்தியும் ஆடிக்கொண்டிருந்தது. நான் எழுதியதுதான் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு அறிவிப்பு: மறைந்தவரை வைத்து விளையாடுவோரின் பதிவுகள் நீக்கப்படும்.

விடுவதாக இல்லை. பக்கத்தின் அடியில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். நான்தான் அவருடைய மகள், நீங்கள் மாட்டிய பொய் மாலையைக் கழற்றுங்கள் என்றேன். பதில் வந்தது. மரியாதையான பதில்தான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. டீச்சர் எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி, அவர் பெயரில் தயவுசெய்து விளையாடாதீர்கள், மாலை நான் போட்டதல்ல, பள்ளிக்கூடத்திலேயே மாலையோடு இருந்த படத்தை நண்பர் ஒருவர் எடுத்து அனுப்பியது, யாராக இருந்தாலும் கடவுள் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும் என்று முடித்திருந்தார். என் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று என்னாலேயே நிரூபிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மாலையாம். பொய்யிலும் ஒரு அளவு வேண்டாமா என்று கீழே இறங்கி வந்தேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள் என்று ஏற்கெனவே உடைந்திருப்பவரிடம் புதைத்தும்விட்டார்கள் என்று போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருத்திவிட்டுத்தான் சொல்வது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில் கன்னிவாடியிலிருந்து ஒருவர் மகனுக்குக் காதுகுத்து அழைப்பிதழ் அடிக்க வந்தார். பெரியப்பா சித்தப்பா என்று அங்காளி பங்காளி எல்லார் பெயரும் இருந்தது, தாய்மாமன் பெயரைக் காணோம். மச்சானோடு சண்டையா, மறதியா என்று தெரியாது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், அவர் பெயர் இல்லாத பத்திரிகை வீடு போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் வாய் தானாகப் பேசியது: "அண்ணே, என் கண்ணு தப்பிருச்சுபோல. ஒங்க தாள்ல ஒரு வரி இருந்துச்சு, நான்தான் விட்டுட்டேனான்னு பாருங்க." அவர் வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, மச்சான் பெயரை எல்லாருக்கும் மேலே எழுதினார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டும் போனார்.

டீ ஆறுவதற்குள் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத கன்னிவாடிக்காரருக்குக் காட்டுகிற மரியாதையை, என் அம்மாவுக்காக அழுத ஒருவருக்கு நான் காட்டவில்லை. அவருக்கு முகம் இல்லை, குரல் இல்லை, செருப்பு மாட்ட ஒரு வாசல் இல்லை. அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறேன். அவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்? அவரைத் தோற்கடித்து என்ன ஆகப்போகிறது, எனக்கு வேண்டியது அந்த மாலை இறங்குவது மட்டும்தானே.

மறுபடி மாடியேறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். முதலில் பக்கத்தைப் பாராட்டினேன். பாராட்ட விஷயமும் இருந்தது, யாரும் சேர்த்துவைக்காத பழைய ஆசிரியர் பெயர்களை எல்லாம் தேடிப் போட்டிருந்தார். பிறகு இப்படி எழுதினேன்: 'எங்கள் பக்கம்தான் தப்பு. டீச்சர் நன்றாக இருப்பதை உங்களுக்கெல்லாம் தெரியப்படுத்தாமல் இருந்துவிட்டோம். வீட்டு போன் நம்பர் அவர் வேலையில் இருந்தபோது இருந்த அதே நம்பர்தான். உங்களிடம் இருக்கும். சாயங்காலம் அவர்தான் எடுப்பார்.' தப்பு எங்கள் பக்கம் என்பது தொழில் பொய். அந்தப் பொய்யை எழுதும்போது என் விரல் ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தது. அனுப்பிவிட்டு வந்தேன்.

பதில் வரவில்லை. நாலைந்து நாள் மேலே போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அப்பா படத்துக்குக் கீழே இருக்கும் தன் நாற்காலியில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் செத்துட்டேனாமே. ஒனக்கு எப்பத் தெரியும்?"

மஸ்கட்காரர் போன் செய்திருக்கிறார். அம்மா எடுத்து யாரு என்று கேட்க, எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. ஏலே, யாருன்னு தெரியல, போன் காசு ஓடுதுல்ல, பேசு என்று அம்மா அதட்டியிருக்கிறார். அந்த ஏலேயைக் கேட்டதும் அந்த மனிதர் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாராம். அழுது முடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அம்மா இடிந்துபோவார் என்று பயந்து ஒளித்து வைத்தவள் நான். அம்மா முகத்தில் இருந்தது நிம்மதி. பல வாரம் கழித்து அந்த முகம் விரிந்திருந்தது. "அதான் கிறிஸ்துமஸுக்கு ஒருத்தனும் வரல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். செத்துப்போனதாக நினைத்தார்கள், மறந்துபோகவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அந்த மனிதர் வெட்கத்தில் பக்கம் முழுவதையும் அன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றாராம். தான் பார்க்கும் வரை ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் சேலையோடு, பிரவுசிங் சென்டரின் குறுகலான படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வேண்டாம், நான் அச்சடித்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

விடைத்தாள் திருத்துவதுபோலக் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் படிக்காமல் விட்டதையெல்லாம் அவர் படித்தார். ஒருவன் தனக்குக் கணக்கு வரக் காரணமே டீச்சர்தான் என்று எழுதியிருந்தான். "இவனுக்கு நான் எடுக்கவே இல்ல" என்றார் அம்மா. ஒரு பெண், மழை நாளில் டீச்சர் தன் குடையைக் கொடுத்து அனுப்பியதை எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அது நினைவில்லை, ஆனாலும் அதை இரண்டாம் தடவையும் படித்தார். எல்லாரும் வேறு வேறு விதமாக எழுதியிருந்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். அம்மா அந்த வரியை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படித்தார். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு தன் படத்துக்கு வந்தார். அந்த ஆள் மாட்டிய மாலையைப் பார்த்தீர்களா என்றேன், கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"அவன் மாட்டல. இது பள்ளிக்கூடத்துல போட்டதுதான்."

பிறகு அம்மா நடந்ததைச் சொன்னார். நவம்பருக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த பள்ளிக்கூடத்துப் பெரிய விழாவில் முன்னாள் தலைமையாசிரியைகளின் படங்களைச் சட்டம் போட்டு மண்டபத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். மற்ற எல்லாரும் காலமானவர்கள், அம்மா ஒருவர்தான் பாக்கி. ஒரு படம் மட்டும் மொட்டையாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று அட்டெண்டர் எல்லாப் படத்துக்கும் ஒன்றுபோல சந்தன மாலை வாங்கிப் போட்டுவிட்டார். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, மாலையோடு தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாய் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா எல்லாரு முன்னாடியும் எப்படிச் சொல்ல? வாசல்ல வச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வாசல்ல அந்த மனுசன் எனக்கு ஆட்டோ பிடிச்சு, கேக் டப்பாவ மடியில வச்சு, கும்பிட்டு நின்னாரு. எனக்கு வாய் வரல."

தப்பு எங்கள் பக்கம் என்று நான் எழுதிய தொழில் பொய் சுத்தமான உண்மையாகப் போய்விட்டது. மஸ்கட்காரர் சொன்னதும் உண்மை. நான் அவரை என்னென்ன சொல்லியிருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து மஸ்கட்காரருக்கு என்னை எழுதச் சொன்னார். தலைப்பை மாற்ற வேண்டும். மெழுகுவர்த்தியை எடுக்க வேண்டும், அது கண்ணை உறுத்துகிறது. இரங்கல்களில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் இருப்பது நன்றாக இருக்காது என்று நான் மறுத்தேன். "பிள்ளைக மனசு விட்டு எழுதியிருக்காங்க. அழிக்க நீ யாரு?" என்றார். படத்துக்குக் கீழே அந்த மனிதர் எழுதிய வரியை என்ன செய்வது என்று கேட்டேன். அதைத் தான் சொல்லும்வரை தொடவேண்டாம் என்றார். கடைசியாகப் பதிவேட்டில் தன் பெயரில் ஒன்று எழுதச் சொன்னார். நான் அடித்தேன்: 'எல்லாவற்றையும் படித்தேன். வீடு அதே வீடுதான். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.'

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போனார். நானும் கூடப் போனேன், இந்தத் தடவை வாய் வராவிட்டால் நான் சொல்லிவிடுவது என்ற முடிவோடு. தலைமையாசிரியையைப் பார்த்தார், பழைய கதை பேசினார், பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினார், மண்டபத்தை ஒரு சுற்று வந்தார். கிளம்பி வாசலுக்கு வந்த பிறகு அட்டெண்டரைக் கூப்பிட்டார். "அய்யா, என் படத்துல மாலை செத்த கனமா இருக்கு. ஆணி தாங்குமா?" அவர் அம்மாவைப் பார்த்தார், மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்கள் ஆட்டோ ஏறுவதற்குள் அவர் உள்ளே ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மடக்கு நாற்காலி போதவில்லை. எதிர்வீட்டிலிருந்தும் வாங்கிப் போட்டோம். நூல் தொய்யும் அளவுக்கு அட்டைகள். சித்தையன்கோட்டை மண்டிக்காரர் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு குடும்பத்தோடு வந்தார். குடை வாங்கிப் போன பெண் தன் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் ஒரு கணம் அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அம்மா அதைக் கண்டும் காணாததுபோல அதிரசத் தட்டை நீட்டினார்.

இருட்டும் நேரத்தில் மஸ்கட்காரர் வந்தார். லீவில் வந்திருந்தார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். நான் எழுதியதையெல்லாம் மனதில் வைத்திருப்பார் என்று நினைத்து அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். அவராக வந்து, உங்கள் கோபம் நியாயம்தான் என்றார். உங்கள் மாலையும் நியாயம்தான் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அவர் அம்மாவுக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மஸ்கட் வெயில், அங்கே கிடைக்கும் கீரை, அவருடைய மகனின் படிப்பு என்று பேசினார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

எழுந்தார். வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். அங்கே அத்தனை செருப்புகள் கிடந்தன.

"ஏலே" என்றார் அம்மா.

அவர் அப்படியே நின்றார். அந்த நரைத்த தலை பத்து வயசுப் பையன்போலத் திரும்பியது.

"நீ எழுதுனதுல ஒரு வரி மட்டும் தப்பா இருக்குப்பு. ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்னு எழுதியிருக்க. அதான் வந்துட்டேல்ல. இப்ப அத அழிச்சிரு."